ஒதுங்கினோம்

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
லாட்ஜின் இரண்டாவது மாடியில்
நாலு டெராபைட் நிலமும்
ஒன்றரை டெராபைட் கடலும்
ஒரே மேஜையில் கிடக்கின்றன.
ஃபேன் சுற்றுகிறது. நான் தைக்கிறேன்.

நிலம், வேட்டு வைத்து வாங்கியது.
செம்புறாங்கல்லில் பதினெட்டு மீட்டர் துளை,
துளைக்கு இரண்டரைக் கிலோ மருந்து.
கண்மாய்க் கரைக்குத் தள்ளி, கிணற்றுக்குத் தள்ளி,
கடலை போட்டிருந்தவருக்குச்
செடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்து,
கருவேல முள் ஏறிய காலோடு
நூற்றுப்பத்து பேர் கேபிள் இழுத்து
வாங்கி வந்தது.

கடலை ஒரு கப்பல் வாங்கியது.
தொண்டிக்குக் கிழக்கே
பத்து வினாடிக்கு ஒரு தரம்
காற்றை நீருக்குள் வெடித்து
விக்கிக்கொண்டே போனது, விக்கிக்கொண்டே வந்தது.

மண்ணில் நட்ட காது அசைவைக் கேட்கும்.
நீரில் கிடக்கும் காது அழுத்தத்தைக் கேட்கும்.
ஒரே எதிரொலியை
ஒன்று உச்சி என்று எழுதும்போது
மற்றது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.
கால் வட்டம் திருப்பினால் சரியாகும்.
திருப்பினேன்.
மேட்டு நிலத்தைக் கடல்மட்டத்துக்கு இறக்கினேன்.
ஓதத்தைக் கழித்தேன்.

இரண்டும் சந்திக்கும் இடத்தில்
லாரியும் போகாது, கப்பலும் வராது.
முழங்கால் சேறு. நண்டு வளை.
மிக்கேல் தன் வத்தையில் பெட்டிகளை ஏற்றி
தள்ளிக்கொண்டே போன மூன்று கிலோமீட்டர்.
அங்கேதான் பன்னிரண்டு காதுகள்
பிந்திச் சொல்கின்றன.
முப்பத்தேழு மில்லி செகண்ட்.

இமைப்பில் பத்தில் ஒரு பங்கு.
திரையில் அதுவே ஒரு பிளவு:
இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில்
பாறை அடுக்கு படி இறங்குகிறது.
சென்னைக்கு இப்படியே அனுப்பினால்
யாராவது அதற்கொரு பெயர் வைப்பார்கள்.
அதை நம்பித் துளையும் போடுவார்கள்.

கடிகாரத்தைச் சந்தேகித்தேன். பிறகு மிக்கேலை.
சராசரி எடுத்து மெழுகிவிடவா என்று
மென்பொருள் கேட்டுக்கொண்டிருந்தபோது
கரண்ட் போனது.

செல்போன் வெளிச்சத்தில்
சேறு காய்ந்து ஒட்டிய களக் குறிப்பேடு.
எண்கள், எண்கள்,
கட்டத்துக்கு வெளியே பென்சிலில்:
இங்கே ஒதுங்கினோம்.
வயிரமணி, கேபிள் குழு மூன்று.

ஒதுங்கினோம் என்றால்?
மழைக்கா? வயிற்றுக்கா?
அலை கொண்டுவந்து போட்டதைப் போலவா?

காலையில் போனை எடுத்தான், வாயில் இட்லி.
"அந்தப் புள்ளியில ஒரு குழி மேடம்.
சின்னக் குழி. மேல சிப்பி பதிச்சு
பேர் எழுதியிருந்துச்சு.
அதுல எப்படி ஆணி குத்துறது?
ஒண்ணை மட்டும் நகத்துனா கேபிள் எட்டாது.
பன்னெண்டையும் அறுவது மீட்டர் மேக்க தள்ளி நட்டோம்,
குழிக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டு.
சர்வே ஆளு அன்னைக்கு வரலை."
என்ன பேர் என்று கேட்டேன்.
"படிக்கலை மேடம். ஓதம் ஏறிக்கிட்டிருந்துச்சு."

அறுபது மீட்டர்.
நனைந்த மண்ணில் ஒலி
வினாடிக்கு ஆயிரத்து அறுநூறு.
இட்லி மடித்து வந்த தாளிலேயே வகுத்தேன்.
முப்பத்தேழரை.

பன்னிரண்டையும் மேற்கே நகர்த்தியதும்
படி மறைந்தது.
செம்மண்ணுக்கு அடியில் கிளம்பிய அடுக்கு
கரை எது என்று கேட்காமல்
கடலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது.

நகர்த்திய காரணம் என்ற கட்டத்தில்
கட்டடம், சாலை, நீர்நிலை, மற்றவை.
மற்றவையைத் தொட்டு
அவன் எழுதியதையே தட்டினேன்.
மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.
பதினோரு வெற்றுச் சதுரங்கள் வந்து நின்றன.

சென்னையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.