இரண்டாம் பக்கம்

காளவாசல் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
கடைசி வரி மட்டும்
இரண்டாம் தாளுக்கு வழிந்து கிடந்தது.
"கேரம் விளையாடுறதைத் தூக்கிடவா?" என்றாள் மெஹர்நிஷா.
தூக்கினாள். அடங்கியது.

பிறகு திரையில் விரலை வைத்தாள்:
"அக்கா, மேனேஜர்ல ஒரு 'ஏ' விழுந்திருக்கு."

மிஞ்சிய சொல் எதுவென்று
ஞானஒளிவுபுரத்துக்காரிக்குத் தெரியாதா?
முன்னணை.
டிசம்பரில் குடிலுக்குள் வைக்கோல் பரப்புவோமே, அது.

நாற்பத்தொரு கம்பெனிக்குப் போய்விட்டது,
கப்பலூர் நூல் மில்லில் மூன்று வருடம்
நான் உதவி முன்னணையாக இருந்த கதை.
ஒருத்தர்கூடச் சிரித்துப் பதில் போடவில்லை.

'ஏ' ஏறியதும் வரி ஒடிந்தது.
கீழே நின்றதெல்லாம் ஒருபடி இறங்க,
மறுபடியும் அடுத்த தாளுக்குப் போனது, தனியாக:
'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை.'

அதற்கும் பத்து ரூபாய் கொடுத்தேன்.