பதினோராவது பத்தி

நீதிபதி விடுப்பில் இருந்தார்.
அடுத்த மாதம் பதினேழுக்கு வாய்தா என்று
பெஞ்ச் கிளார்க் சொன்னபோது மணி ஒன்றரை.
திருச்சியே ஒழுகிக்கொண்டிருந்தது.
தியாகேசனிடம் குடை இருந்தது, என்னிடம் இல்லை.
எதிர்மனுதாரரின் குடைக்குள் மனுதாரர் நிற்கலாமா
என்பதை நான் வக்கீலிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.

பசி கேட்டது.
சாலைக்கு அப்பால் புதிதாக ஒரு ஜப்பான் நூடுல்ஸ் கடை.
வாசலில் பாதிக்கு மட்டும் நீலத் துணி தொங்கியது.
யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்.
குனிந்தோம், தனித்தனியாக.

அட்டையின் அடியில் தமிழில் அச்சிட்டிருந்தார்கள்:
சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடவும்,
அது சமைத்தவருக்குச் செய்யும் மரியாதை.
நான் வாசித்தேன்.
அவரும் வாசித்தார்.
இருவரும் தண்ணீர் குடித்தோம்.

என் மனுவில் பதினோராவது பத்தி:
'எதிர்மனுதாரர் ரசம் அருந்துகையில் எழுப்பும் ஓசையால்
மனுதாரர் தீராத மன உளைச்சலுக்கு ஆளானார்.'
பத்தாவதும் பன்னிரண்டாவதும் பெரியவை,
அவற்றை இங்கே சொல்வதாக இல்லை.
இது சும்மா எண்ணிக்கைக்குச் சேர்த்தது.
ஆனால் குறுக்கு விசாரணையில்
அவர் வக்கீல் இதைத்தான் உரக்க வாசித்தார்.
டைப்பிஸ்ட் பெண் உதட்டைக் கடித்தாள்.
தியாகேசனின் காதுமடல் சிவந்ததை
நான் பார்க்காததுபோல் பார்த்தேன்.

கிண்ணங்கள் வந்தன,
ஒன்றில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம்.
வெள்ளையாய்க் கலங்கிய கோழிச் சாறு,
பாதி வெந்த முட்டை,
விளிம்பில் செருகிய கறுப்புச் சதுரம் ஒன்று.
அதைக் காகிதம் என்று எடுத்து ஓரம் வைத்தார்.
ஆவியில் கண்ணாடி மூடியது, கழற்றினார்.
கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்து
இரண்டு வருடம் ஆகிறது.
மூக்கின் இருபுறத்துப் பள்ளமும் ஆழமாகியிருந்தது.

சுற்றிலும் கல்லூரிப் பையன்கள்
தண்ணீர் இறங்கிப்போன போர்வெல்லில்
மோட்டார் காற்றிழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
அவரோ முள்கரண்டி கேட்டு வாங்கி
நூடுல்ஸை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி
வாயை மூடிக்கொண்டு மென்றார்.
ஓசையே இல்லை.
ரசத்தையும் இப்போது இப்படித்தான் குடிக்கிறாரா,
மன்னார்புரத்து ஒற்றை அறையில்,
யாருமே கேட்காத இடத்திலும்?

சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.
ஜெகபர் அலி, கூத்தாநல்லூர்.
சிங்கப்பூரில் ஒன்பது வருடம் இதே அடுப்பு.
எனக்குப் பாபநாசம் என்றதும்
'ஆத்துல தண்ணி போவுதா?' என்றார்.
'கரை தொட்டுப் போவுது' என்றேன்.
பிறகு அவரைப் பார்த்து,
'என்ன சார், புடிக்கலியா? சத்தமே காணோமே?'

தியாகேசன் கரண்டியைக் கீழே வைத்தார்.
மேசையில் என் கட்டைப்பை,
பையில் மனுவின் நகல்.

'அவர் எப்பவும் அப்படித்தான்,
சத்தம் வராமதான் சாப்பிடுவார்'
என்றேன் நான்.

சத்தியம் செய்யாமல் சொன்ன பொய், செல்லாது.
இருந்தாலும் அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.
குச்சிகளைத் தூர வைத்தேன்,
கிண்ணத்தைத் தூக்கி வாயில் வைத்து
இழுத்தேன்.
ஒரு நூடுல்ஸ் வால் சுழன்று
அவர் சட்டையில் சாற்றுப் பொட்டு வைத்தது.
பக்கத்து மேசைப் பையன் கட்டைவிரலை உயர்த்தினான்.

அவர் துடைக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
'இந்தக் கறுப்புக் காகிதம், இதையும் திங்கணுமா?'
'கடல்பாசி' என்றேன்.
தின்றார். முகத்தைச் சுளித்தார்.
மீதியையும் தின்றார்.

எழுநூற்று எண்பது ரூபாய், ஒரே பில்.
என் பாதியைக் கிண்ணத்தின் அடியில் வைத்தேன்.
அவர் எடுத்தாரா, ஜெகபர் அலிக்கே போனதா, தெரியாது.
வெளியே மழை விட்டிருந்தது.
அவருக்கு டவுன் பஸ், எனக்குத் தஞ்சாவூர் வண்டி.

நான் பத்தடி போயிருப்பேன்,
'அம்மா, சார் குடைய விட்டுட்டாரு' என்று
ஓடிவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார்
அந்தக் கூத்தாநல்லூர்க்காரர்.

அது இப்போது என் குளியலறைக் கொடியில் தொங்குகிறது.
கம்பி ஒன்று வளைந்திருக்கிறது.
பதினேழாம் தேதி எடுத்துப் போக வேண்டும்,
மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும்.