அமுக்கினால் போதும்

மார்த்தாண்டத்தில், மேம்பாலத்து நிழல் விழும் கடையில்
தம்பிக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன்.
"தம்பி என்ன கேம் விளையாடுவான்?"
சொன்னேன்.
"எந்தப் போன்?"
சொன்னேன்.
"ட்ரிகர் ரெண்டு போதுமா, நாலு வேணுமா?"
நாலு என்றேன், கொஞ்சம் அவசரமாக.
கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.
எனக்குத் தம்பி கிடையாது.

நடுவில் போனை வைத்தால்
இரண்டு பக்கமும் நண்டு மாதிரிக் கவ்விக்கொள்ளும்.
பாட்டரி அதற்குள்ளேயே.
ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு
எத்தனை கிலோ பருப்பு என்று
பஸ் கருங்கல் வரும்வரை கணக்குப் போட்டேன்.
கணக்கு முடியவில்லை, இறங்கிவிட்டேன்.

பதினெட்டு வருஷம் அண்டியாபீஸில் தல்லின கை.
தோட்டெண்ணெய் பிடிக்காமலிருக்கச் சாம்பல் பூசுவோம்.
பிடிக்கத்தான் செய்யும்.
விரல் நுனிக் கோடெல்லாம் வெந்து வழித்து
தலை எது பூ எது தெரியாத பழங்காசு.
ரேஷன் கடையில் ரெஜிமோன் சொல்வான்:
"அக்கா, தொடச்சிட்டு வையுங்க.
அடுத்த விரல்.
அதுக்கு அடுத்தது."
பத்தும் முடிந்தபிறகு, "கண்ணைக் காட்டுங்க."
அரிசிக்குக் கண் போதும்.

போனுக்கு அந்த இரக்கமும் இல்லை.
சுடு என்ற வட்டத்தைத் தொடுவேன்,
துப்பாக்கி சும்மா இருக்கும்.
மறுபடி தொட்டால் குனிந்துகொள்ளும்.
ஓடு என்றால் வானம் பார்த்து நிற்கும்,
அதற்குள் யாரோ என்னைக் கொன்றுவிட்டு
என் பையையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.
ஒரே ராத்திரியில் பதினோரு தடவை செத்திருக்கிறேன்.
அதில் ஒன்பது, தொட்டது போய்ச் சேராத சாவு.

பொத்தான் அப்படியில்லை.
நீ யாரென்று கேட்காது.
அமுக்கினால் தாழும், விட்டால் எழும்பும்,
டக்கென்று ஒரு பதில் சொல்லும்.
பருப்பு நொறுங்காமல் தோடு மட்டும் பிளக்குமே,
அந்த டக்.
எவ்வளவு அழுத்தம், எந்த நொடியில் விடுவது,
இந்தக் கைக்கா தெரியாது?

மகள் ஷைனிஷா ஒரு நாள் பார்த்துவிட்டாள்.
ஸ்கோரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அம்மா, இது நீங்களா?"
போய்ப் படி பிள்ளே என்றேன்.

ஐப்பசி மழை. கறண்டு போய்விட்டது.
போனில் ஆறு சதவீதம்.
கன்ட்ரோலரின் முதுகில் நாலு நீலப் புள்ளி.
ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
தன்னிடம் இருந்ததைப் போனுக்கு ஊற்றத் தொடங்கியது.
குழுவில் கடன் எடுத்தால்
செவ்வாய்க்கிழமை தவறாமல் ஸ்டெல்லாபாய் வாசலில் நிற்பாள்.
இதற்கு வட்டியில்லை, கைரேகை வேண்டாம்.
நாலு மூன்றானது.
மூன்று இரண்டானது.

அங்கே என் பெயர் தோட்டெண்ணெய்.
கூட்டாளிகள் மூன்று பேர், எந்த ஊரோ.
கடைசி வட்டத்தில் நான் மட்டும் மிச்சம்.
செத்துப்போன மூன்று பேரும்
என் காதுக்குள் உட்கார்ந்து மூச்சைப் பிடித்திருந்தார்கள்.
புல்லில் படுத்திருந்தேன்.
எதிரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
அவன் தலை தெரியும்வரை
பொத்தானைப் பாதி மட்டும் அமுக்கி வைத்திருந்தேன்.

டக்.

"ப்ரோ! என்ன கை ப்ரோ உனக்கு!"
மூன்று பேரும் ஒன்றாகக் கத்துகிறார்கள்.
மைக்கைத் திறந்தேன்.
ஓட்டில் விழுகிற மழை மட்டும் அவர்களுக்குக் கேட்டிருக்கும்.
"ப்ரோ, அங்க மழையா?"
மூடிவிட்டேன்.

ஒரு புள்ளி பாக்கி இருந்தது.
அந்த நீலத்துக்குப் பக்கத்தில்
வலது கையைக் கொண்டுவந்து விரித்தேன்.
பெருவிரல் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
புள்ளி அணைந்தது.

சங்கு ஊத இன்னும் நாலு மணி நேரம்.
அதற்குள் கறண்டு வந்தால்
இரண்டையும் சார்ஜில் போட வேண்டும்,
முதலில் எதை என்று யோசித்துக்கொண்டே
இருட்டில் கிடந்தேன்.