வண்டி எடை

முத்தூர் ரோட்டில், பள்ளிக்கூட வாசலுக்கு நேரெதிரே
என் எடைமேடை.
கொப்பரை லாரி, நெல் லாரி, கோழித்தீவன லாரி.
ஏறி நின்றால் எண் விழும்.
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
மே மாதக் கடைசியில் மட்டும்
லாரியைவிட ஆட்கள் எச்சு.

பத்தாவது ரிசல்ட் வந்து ஒன்பது நாள்.
தகரக் கொட்டாயில் பைக்கை நிறுத்திவிட்டு
எதிரே பார்க்கிறார்கள்,
சுண்ணாம்பு உதிர்ந்த மாடியை,
கொடிக்கம்பத்தை,
மதிப்பெண் எழுதித் தொங்கவிட்ட பிளெக்ஸை.

"கெமிஸ்ட்ரிக்கு ஆளே இல்லீங்களாமா?"
"போன வருசம் பூரா பிசிக்ஸ் டீச்சரேதானுங் ரெண்டையும் பாத்தாங்க."
"அப்பறம் எப்படி அந்தக் கறிக்கடைக்காரர் புள்ள
நானூத்தி எழுவது?"
"அது புள்ளையோட கெட்டிக்காரத்தனமுங்."

தேறினால் பிள்ளை,
தவறினால் பள்ளிக்கூடம்.
இருபது வருஷமாய் இந்தக் கணக்கு மாறவில்லை.

மோகனசுந்தரம் என்னோடு பத்தாவது 'ஆ' பிரிவு.
இப்போது பதினாறு தறி. மகன் நாமக்கல் ஹாஸ்டலில்.
"ஒண்ணே முக்கால் லச்சம்டா மாப்ள. மெத்தைக்குத் தனி."
பையன் பேசுகிறானா என்றேன்.
"ஞாயித்துக்கெழம பத்து நிமிசம்."
போனை எடுத்துப் பார்த்தான்.
அன்று செவ்வாய்.

லோகநாயகி வங்கியில் காசாளர்.
இதே வாசலில் ஏழு வருஷம் நுழைந்தவள்.
மகளை மஞ்சள் வேனில் ஏற்றுகிறாள்.
"நீ படிச்ச எடந்தானே?"
"படிச்சதுனாலதான் அனுப்பல.
கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கெடையாது.
செவ்வந்தி எனக்குக் கதவைப் புடிப்பா, நா அவளுக்கு.
அவ வராத நாள்ல
நா தண்ணியே குடிக்க மாட்டேன்."
எங்கள் வகுப்பில் முதல் மார்க் அவள்தான்.
நாங்கள் யாரும் அப்போது இதைக் கேட்டதில்லை.

தீவனக்கடை பொங்கியண்ணன் தொண்டையைக் கனைத்தார்.
"வாத்தியாருங்க சொக்கத் தங்கமுங்.
பீசும் இல்ல. எல்லாஞ் செரி.
சேர்க்கைதான்..."
அந்த வாக்கியம் எங்கே போகும் என்று
நின்றிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.
டிரான்ஸ்பார்மரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த
லைன்மேன் நாகமாணிக்கத்துக்கும் தெரியும்.
கையுறையைக் கழற்றியபடி வந்தான்.
"சேர்க்கைங்கறது நாங்கதானுங்களே.
இவரக் கேளுங்க,
ஒரே பெஞ்சுல என்னெப் பாத்துத்தான் அல்ஜிப்ரா எழுதுனாரு."

உண்மை.
அவனுக்குத் தொண்ணூற்றொன்று, எனக்கு அறுபத்திரண்டு.
சொல்ல வாய் திறந்தேன்.
கொப்பரை லாரி ஹாரன் அடித்தது.
எழுந்து போய்விட்டேன்.

பாரத்தோடு ஒருமுறை, வெறும் வண்டி ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
அந்த வாசலில் நுழையும்போது
எங்களை யாரும் எடை போடவில்லை.
மோகனசுந்தரம் மோட்டார் போட்ட தோட்டத்திலிருந்து வந்தான்.
நாகமாணிக்கம் காலையில் ஊர்ச் சாக்கடை தள்ளிவிட்டு வந்தான்.
வெளியே வந்த எண்ணை மட்டும்
பிளெக்ஸில் அச்சடிக்கிறார்கள்.

என் மகள் சஷ்மிதாவுக்கு இனி ஒன்பதாவது.
சீட்டுப் புத்தகத்துக்கு அடியில் இரண்டு விண்ணப்பங்கள்,
ஒன்று வழவழத் தாள்.
பேச்சையெல்லாம் அவளிடம் சொன்னேன்,
பெஞ்சுக் கதையைத் தவிர.
முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்:
"இப்பத் தாழ்ப்பாள் இருக்குதாப்பா?"

எதிர்ச்சாரியில் இருபது வருஷம். எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை
வெள்ளகோவில் ஹார்டுவேர்ஸில்
மூன்று தாழ்ப்பாள், ஒரு பாக்கெட் ஸ்குரூ.
வாட்ச்மேன் சாவியோடு கூட வந்தார்.
"நீங்க யாருங்?"
"பழைய மாணவன்."
"எல்லாருந்தான்" என்றார்.

இரண்டு கதவில் தாழ்ப்பாள் இருந்தது, புதுசு.
மூன்றாவதில் கதவே இல்லை.

அகலம் இரண்டேகால் அடி. உயரம் ஆறு.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டேன்.