பன்னிரண்டு இறாத்தல்

றெகுலேட்டருக்கு மெல்பேண் புரி,
சிலிண்டருக்கு இந்த ஊர்ப் புரி.
இரண்டையும் தூக்கிக்கொண்டு தாண்டவன்வெளியில்
டெரன்ஸ் அன்ட்றாடோவின் லேத் பட்டடைக்குப் போனேன்.
"என்னகா இது, சம்பந்தம் பேச வந்த மாதிரி
ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்குதுகள்?"
பித்தளைத் துண்டொன்றைக் கடைந்து
நடுவே ஒரு இணைப்புச் செய்தார்.
காசு வேண்டாம்,
முதல் கிளாஸ் என்னுடையது, என்றார்.

பீப்பாய் தங்கச்சி அனுப்பியது.
பத்தொன்பது லீற்றர், எவர்சில்வர்.
பால்மாவுக்கும் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் இடையில்
பெட்சீற் சுற்றிக் கிடந்தது.
ஹொப்ஸ் உருண்டைகள் இருந்த பையில்
"முயல் தீவனம்" என்று எழுதி ஒட்டியிருந்தாள்.
எங்கள் வீட்டில் முயல் இல்லை.
லைசன்ஸும் இல்லை;
அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

குரக்கனை நனைத்து, முளைகட்டி,
மொட்டைமாடியில் காயவைத்தவள் நான்.
பாடசாலை ஆய்வுகூடத்தில் பதினேழு வருடம்
சோதனைக் குழாய் கழுவியவள்.
குளிரில் வாயு கூடக் கரையும், சூட்டில் வெளியேறும்:
கரும்பலகையில் அதை எழுதிவிட்டுப் போனவர்கள் பலர்.
பிறிட்ஜ் கதவில் காதை வைத்துக் கேட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காத்தான்குடியில் சோடாக் கம்பனிகளுக்குக்
காஸ் கொடுக்கும் சபூர்தீன் நானா கேட்டார்:
"டீச்சருக்கு என்னத்துக்கு இது?"
"மீன்தொட்டிக்கு. தண்ணிச் செடி வளர."
பொய் நாக்கில் சுரீரென்றது.
பில் எழுதிய கை நிற்காமல், தலை நிமிராமல்,
"நம்முட மீன் பாட மட்டுந்தான் செய்யும்
எண்டு நினைச்சிருந்தன்" என்றார்.

பன்னிரண்டு இறாத்தலில் முள்ளை நிறுத்தினேன்.
பாண் வாங்கும் இறாத்தல் அல்ல,
ஒரு சதுர அங்குலத்தின் மேல் ஏறி உட்காரும் இறாத்தல்.
விடிய எழும்பினால் சிலிண்டர் பாதி காலி.
மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை தடவினேன்.
அன்ட்றாடோவின் பித்தளை அசையவில்லை.
மூடியின் ஓரத்தில்தான்
ஒரு குமிழ் மெல்ல ஊதி, பெருத்து,
என்னைப் பார்த்தது.
வோஷரில் ஒரு விரல் தேங்காயெண்ணெய்,
திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கறண்ட் போனது.
இரண்டு மணித்தியாலம் என்றார்கள். ஒன்பது.
சிலிண்டரைப் பூட்டிவிட்டேன். ஆனாலும்
குடித்த வாயுவைப் பீர் கக்கத் தொடங்கியது.
பதினாலு. பதினேழு.
இவர் மோட்டார் சைக்கிளில் கல்லடிக்கு ஓடி
றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸோடு வந்தார்,
பாரைக்குட்டி நாறும் பெட்டி.
பீப்பாயை அதற்குள் இறக்கி, ஈரச்சாக்கு மூடி,
மெழுகுதிரி வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்தபடி இருந்தோம்.
கல்யாணமாகி இத்தனை வருடத்தில்
ஒரே பொருளை இவ்வளவு நேரம்
நாங்கள் சேர்ந்து பார்த்ததில்லை.
அது பன்னிரண்டுக்கு இறங்கியபோது
இவர் நித்திரை.

பத்தாம் நாள் டெரன்ஸுக்குப் போன் எடுத்தேன்.
"ஐயோ, திருநீற்றுப் புதன் நேற்றே போயிற்றே.
தவக்காலம் பிள்ளை, தொடமாட்டன்.
என்ர கிளாசை உள்ளேயே வை."

ஊற்றிவைத்தால் அரை மணியில் செத்துப்போவது
ஊற்றாமல் வைத்தால் நாற்பது நாள் இருக்கும்.
நாங்கள் குடித்தோம்.
மருந்துக்கடை ஞானச்செல்வமும் குடித்தார்,
கசப்புக் கொஞ்சம் கூட என்று சொல்லிச் சொல்லி
மூன்று கிளாஸ்.
அடியில் டெரன்ஸின் பங்கு மட்டும் கிடந்தது.
காலையில் பால் எடுக்கப் பிறிட்ஜைத் திறக்கும்போதெல்லாம்
முள்ளைப் பார்ப்பேன்.
பன்னிரண்டு.
காஸ் முடிந்து வெறும் சிலிண்டரோடு போன அன்று
நானா கேட்டார், "மீன் சுகமா?"
"நோன்பு" என்றேன்.
அவருக்கு அது விளங்கியது.

உயிர்ப்பு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டில் வந்தார் டெரன்ஸ்.
குழாயைத் திறந்தேன்.
நுரை.
கிளாஸ் முழுக்க, விரல் வழிய, சேட்டுக் கை வரைக்கும்
நுரை.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க
அவர் கிளாசை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து,
ஒரு கண்ணை மூடி,
புரி பார்ப்பதுபோல் பார்த்தார்.
"பொறு பொறு" என்றார்,
"இறங்கும்."