பின்கட்டையில் ஒரு பால்பல்

சனிக்கிழமை. லேடிஸ்மித்தில் எனக்கு நோயாளிகள் இல்லாத நாள்.
நாற்காலியில் யாரும் வாய் திறக்கவில்லை.
நான்தான் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்
ஒரு லீ என்ஃபீல்டின் வாயை.

ஏலத்தில் வந்தது. கொலென்சோ பக்கம் ஒரு பண்ணை.
உழவு இயந்திரம், பால் கறக்கும் பொறி, செத்துப்போன இரண்டு குளிர்பெட்டிகள்,
அவற்றோடு நாற்பத்து மூன்றாம் இலக்கமிட்டு இது.
கழுத்து வளையத்தில் கிரீடம், கிரீடத்தின் கீழ் 1917.
காகிதம் வரப் பதினான்கு மாதம்.
"பல் டாக்டருக்கு எதுக்கு இது?" என்றார் இன்ஸ்பெக்டர் மசிபுகோ,
சுவரில் பதித்த இரும்புப் பெட்டியின் நான்கு திருகாணிகளையும்
ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தபடி.
"மயக்க ஊசி தீர்ந்துபோனால்" என்றேன்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வாய்க்கண்ணாடியைக் குழலடியில் சாய்த்து
ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பினால்
இடப்பக்கம் சுழன்று இறங்கும் ஐந்து பள்ளங்கள்.
சொத்தை இல்லை. தொண்டையருகே கொஞ்சம் தேய்மானம்.
நூறு தாண்டிய வயதுக்கு நல்ல வாய்.

பிறகு பின்கட்டை.
பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு, பச்சைக் களிம்பேறி இறுகியிருந்தது.
உள்ளே எண்ணெய்ப் புட்டி இருக்கும், இழுகயிறு இருக்கும்.
இருந்தன.
அவற்றுக்கும் அடியில்
தொட்டதும் உதிர்ந்த ஃப்ளானல் சுருளுக்குள்
ஒரு பல்.

கீழ் நடு வெட்டுப்பல். இடது. வேர் கரைந்திருக்கிறது:
தானாக விழுந்தது, யாரும் பிடுங்கவில்லை.
ஆறு வயது, மிஞ்சினால் ஏழு.
இவ்வளவுதான் தெரியும் எனக்கு.
யார் பிள்ளை, எந்த ஊர்,
இதைச் சுமந்தவன் திரும்பிப் போனானா
எதையும் அது சொல்லவில்லை.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே சொல் எல்லாம் போய்
பல் மட்டும் இருக்கிறது.

சுடுதிடலில் காட்டினேன்.
ஃபெர்மாக் கையில் வாங்கவே இல்லை.
"செருப்புக்குள் வைத்தால் ராத்திரி எலி வந்து
காசு வைத்துவிட்டுப் போகும், எங்கள் வீட்டில்" என்றார்.
எங்கள் வீட்டில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம் என்றேன்.
தகரக் கூரை. உருண்டு காலடிக்கே திரும்பி வரும்.
பிரகாசன் செட்டி மட்டும் விலை கேட்டான்:
பல்லோடா, பல் இல்லாமலா?

அப்பாவின் சித்தப்பா பாலைவனப் போரில் லாரி ஓட்டியவர்.
அவர் நிறத்துக்கு வண்டிச்சாவி கொடுத்தார்கள்,
துப்பாக்கி கொடுக்கவில்லை.
பின்னால் பெட்டி பெட்டியாக இவைதான்.
இறக்கும்போது தொட்டிருப்பார்.
இதை நினைத்துக்கொண்டு நான் சுடுவதில்லை.
முந்நூறு கஜத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

பாயில் குப்புறப் படுத்தேன்.
காற்று இடமிருந்து. புல் பாதி சாய்கிறது.
பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி,
முதல் குண்டு.
தோள் வாங்கிக்கொண்டது. வெள்ளையில் நடுவுக்கு நாலு விரல் மேலே.
அப்போதுதான் கேட்டது.
போர்த்த துணியில்லாமல் வெறுமனே உள்ளே போட்டிருந்தேன்;
கட்டைக்குள் ஒருமுறை உருண்டு
கிளுக் என்றது.
காதடைப்பானைத் தாண்டி அல்ல,
கன்னத்து எலும்பு வழியாக.

இரண்டாவது குண்டு இலக்குக்கே வெளியே போயிற்று.
"காற்று" என்றார் ஃபெர்மாக்.
"ஆமாம், காற்று" என்றேன்.
மிச்சம் எட்டையும் கிளிப்பிலிருந்து கழற்றிப் பையில் போட்டேன்.

வீட்டில் கெட்டில் கொதிக்கிறது.
பழைய தோட்டா மருந்தில் உப்பு,
சுடுநீர் ஊற்றாவிட்டால் விடிவதற்குள் துரு.
மூன்று கெட்டில் ஊற்றித் துடைத்து
பஞ்சுருளை ஒன்றைப் பிரித்தேன்,
நாளெல்லாம் நான் பிறர் கன்னத்துக்குள் திணிக்கும் அதே பஞ்சு.
பல்லைச் சுற்றி, உள்ளே வைத்து, கதவை மூடி,
காதோரம் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
சத்தமில்லை.

திங்கள் ஒன்பது மணிக்கு ஒரு ஆறு வயதுக்காரி வருகிறாள்.
முன்பல் ஆடுகிறதாம், பிடுங்கிவிடச் சொல்கிறாள் தாய்.
வேண்டாம், தானாக விழட்டும் என்று சொல்லப்போகிறேன்.