மேலே ஆயிரம் வரிதான்

இரண்டு நாற்பதுக்கு
எடைமேடைக் கணினியின் ஹார்டு டிஸ்க்
மணலை மெல்வதுபோல் சத்தம் போட்டது.
ஆனாலும் கேட்டதைச் சொன்னது:
சீசன் முழுக்கக் கூழாலையில் இறங்கிய பெங்களூரா,
யார், எந்த ஊர், எத்தனை கிலோ.
ஆபீஸ் ரூமில் என் திரையில் வரிகள் மேலேறி ஓடின.
டீயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும்
எழுந்து போகாதவன் மாதிரி.

கட்டளையின் வாலில்
ஒரு கூர்க்குறி, ஒரு கோப்பின் பெயர்.
போட்டிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

மேல் அம்பை அழுத்தி மறுபடி கேட்டேன்.
படிக்க முடியவில்லை என்றது.
மூன்றாம் முறை
அதையும் சொல்லவில்லை.

ஆக, கிருஷ்ணகிரியில் இந்த நேரத்தில்
அந்தக் கணக்கு இருப்பது
இந்த ஒரு ஜன்னலுக்குள் மட்டும்.

கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
டார்ச்சோடு எட்டிப் பார்த்த சென்னப்பன்
"பிரிண்ட் போட்டுருங்க சார்" என்றார்.
பிரிண்டருக்கு யூபிஎஸ் கிடையாது.

என் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்,
வேலை முடிந்ததும் கிளியர் என்று தட்டித்
திரையைத் துடைத்து வைக்கும்.
மூன்று எழுத்து போய்விட்டிருந்தன.
கையைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.

மவுஸைக் கடைசி வரியில் ஊன்றி மேலே இழுத்தேன்.
போச்சம்பள்ளி நீலமானது, பர்கூர் நீலமானது,
வேப்பனஹள்ளியின் அத்தனை திம்மராயன்களும்.
இன்னும் இழுத்தேன்.
சுவர்.
ஆயிரம் வரிக்கு மேல் ஞாபகம் வேண்டாமென்று
யாரோ என்றோ முடிவு செய்திருக்கிறார்கள்.
மாற்றலாம். மாற்றலாம் என்று
நான்கு வருடமாகத் தெரியும்.

கண்ட்ரோல், ஷிப்ட், சி.
ஷிப்டை விட்டால் இங்கே அதற்கு
நிறுத்து என்று பொருள்; விடவில்லை.
ஒட்டினேன். சேமித்தேன். பென்டிரைவில் இன்னொன்று.
அதற்குப் பிறகுதான் போய்
வரம்பை ஒரு லட்சமாக்கினேன்,
காட்ட எதுவும் மிச்சமில்லாத திரைக்கு.

நீண்ட வரி மடிந்து, மேல்பாதி அறுந்து,
கோப்பு இப்படித் தொடங்குகிறது:
ம்மா, சூளகிரி, 1940.

வெளியே டிராக்டர்கள் வரிசைகட்டிவிட்டன.
சீட்டு வைத்திருப்பவர்களைக் கேட்க வேண்டும்.
வெங்கட்டம்மா, நாராயணம்மா, சாக்கம்மா,
யாருடையது இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது?
அவருக்கும் மேலே இருந்தவர்களை
எந்த எழுத்தைச் சொல்லிக் கூப்பிடுவது?

சென்னப்பன் கேட்டைத் திறக்கிறார்.